பழைய வீட்டில் உள்சுவரை எடுத்த பிறகு வரும் கோளாறுகள்: எதைப் பார்த்து எதைச் செய்வது

பெங்களூரில் அல்சூர், காக்ஸ் டவுன், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் பக்கத்துப் பழைய வீடுகளில்தான் எனக்கு அதிகம் வேலை. இரண்டு சின்ன அறையை ஒன்றாக்கிக் கேட்பார்கள். இல்லையென்றால் நீளமான ஹாலைத் தடுத்து, படிக்கிற பிள்ளைக்கு ஒரு அறை கேட்பார்கள். இடிப்பது ஒரு நாள் வேலை, கட்டுவது ஒரு வாரம். அப்புறம் ஒரு மாதத்தில் போன் வரும்: "அண்ணா, மேல கோடு விட்டிருக்கு", "கதவு சாத்த மாட்டேங்குது", "சுவத்தடியில வெள்ளையா பூக்குது." இதில் பாதி வேறு யாரோ செய்த வேலை. வீடு மாறினாலும் கோளாறு மாறுவதில்லை. அவற்றை வீட்டில் இருப்பவர்களே பார்த்துப் பிரித்தறியும்படி இங்கே எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் பென்சில் பற்றிய அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

முதலில் ஒரு பென்சில், ஒரு ஸ்கேல்

விரிசலைப் பார்த்ததும் "ஏன் வந்தது" என்று கேட்காதீர்கள். "இன்னும் நகர்கிறதா, நின்றுவிட்டதா" என்று கேளுங்கள். நின்றுபோன விரிசலை நிதானமாகச் சரி செய்யலாம். நகர்கிற விரிசலில் எத்தனை தடவை பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தாலும் காசுதான் போகும், காரணம் உள்ளேயே இருக்கும்.

விரிசலின் இரண்டு முனையிலும் குறுக்கே ஒரு சின்னக் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுங்கள். நடுவில் விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி வைத்து, இரண்டுக்கும் உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் அளந்து அதையும் சுவரிலேயே எழுதுங்கள். ஸ்கேலை வைத்தபடி போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். மூன்று வாரத்தில் முனை கோட்டைத் தாண்டவில்லை, தூரமும் மாறவில்லை என்றால் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு ஓரத்திலும் அரால்டைட் வைத்து ஒட்டிவிடுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி தெறித்துவிடும்.

அகலத்துக்கு ஏடிஎம் கார்டு. அதன் தடிமன் முக்கால் மில்லிமீட்டர். கார்டு நுழையவில்லை என்றால் மயிரிழை விரிசல், அவசரம் இல்லை (கல் கூரையில் மட்டும் மயிரிழையும் அவசரம்தான், கோளாறு 1-ஐப் பாருங்கள்). மூன்று கார்டைச் சேர்த்துப் பிடித்தாலும் நுழைகிறது, அதுவும் சுவரை எடுத்த பிறகு வந்தது என்றால் பென்சில் சோதனைக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

இன்னும் இடிக்கவில்லை என்றால்

"நாலரை இன்ச் சுவர்தானே, சும்மா தடுப்புதான்" என்ற பேச்சை நம்பவே நம்பாதீர்கள். நாலரை இன்ச் சுவரின் மேல் கூரையே உட்கார்ந்திருக்கும் வீடுகள் இந்த ஊரில் நிறைய. சுவரின் தடிமனைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அதன் தலைமேல் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

கூரை கல் பலகையா? நம் ஆட்கள் சப்படி என்பார்கள். பெங்களூரைச் சுற்றிக் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை, அதனால் பழைய வீடுகளில் சுவருக்குச் சுவர் கல்லைப் படுக்க வைத்தே கூரை போட்டிருக்கிறார்கள். கீழிருந்து பார்த்தால் கற்களுக்கு நடுவே நீள நீளமாகக் கோடுகள் தெரியும். அந்த நீளக் கோடுகள் எந்தச் சுவரில் போய் முட்டுகின்றனவோ அந்தச் சுவர்தான் கல்லைச் சுமக்கிறது. நீளக் கோட்டுக்குப் பக்கவாட்டில் ஓடும் சுவர் பெரும்பாலும் சுமப்பதில்லை. பூச்சு மூடியிருந்தால் சுவரின் தலையில் ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சைத் தட்டிப் பார்க்கலாம்.

மெட்ராஸ் டெரஸ் (மரச்சட்டங்களின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட கூரை) என்றால் சட்டங்கள் கண்ணுக்கே தெரியும், அவற்றின் நுனி எந்தச் சுவருக்குள் போகிறது என்று பாருங்கள். ஓட்டு வீடு என்றால் உத்தரமோ, கைமரத்தைத் தாங்கும் குத்துக்காலோ உள்சுவர்மேல் நிற்கிறதா என்று பாருங்கள். ஆர்சிசி தளம் (கம்பி கட்டி வார்த்த கான்கிரீட்) என்றால் சுவரின் தலைக்கு மேல் பீம் இருக்கிறதா என்று தேடுங்கள். பீம் இல்லாமல் தளம் நேரடியாகச் சுவர்மேல் உட்கார்ந்திருந்தால் கை வைக்க வேண்டாம். தளத்துக்குள் கம்பி அந்தச் சுவரை நம்பித்தான் போடப்பட்டிருக்கும். மாடி இருந்தால், மேல் மாடியில் அதே கோட்டில் சுவர் இருக்கிறதா என்றும் ஏறிப் பாருங்கள்.

சிவாஜி நகர் போன்ற இடங்களில் பக்கத்து வீட்டோடு சேர்ந்த பொதுச்சுவர் இருக்கும். அவர்கள் வீட்டு மரச்சட்டத்தின் நுனியும் அதற்குள் இருக்கலாம். அவர்களிடம் சொல்லாமல் அதில் கை வைக்கக் கூடாது.

கோளாறு 1: சுவரை எடுத்தபின் கூரையில் கோடு அல்லது விரிசல்

மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். கூரையின் வகையைப் பொறுத்து வழி பிரியும்.

*ஆர்சிசி தளமாக இருந்தால்*

சுவர் இருந்த இடத்திலேயே, அதே நேர்கோட்டில், மெல்லிய இரண்டு கோடுகள் மட்டும் தெரிகிறதா? அது பழைய பூச்சின் ஓரம். உளியால் ஒரு இடத்தில் லேசாகத் தட்டிப் பூச்சை எடுத்துப் பாருங்கள். கான்கிரீட்டில் கோடு இல்லை என்றால் பூச்சு வேலையோடு முடிந்தது.

கோடு கான்கிரீட்டிலும் இருக்கிறது, அல்லது புதிதாக உண்டான பெரிய அறையின் நடுவே எடுத்த சுவருக்கு இணையாக ஓடுகிறது என்றால் தளம் தொங்க ஆரம்பித்திருக்கலாம். கூரையின் இரண்டு எதிர்ச்சுவர் ஓரத்திலும் ஒரே உயரமுள்ள இரண்டு மரத்துண்டை வைத்து, அவற்றின் மேல் நூலை இழுத்துக் கட்டுங்கள். அறையின் நடுவில் நூலுக்கும் கூரைக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதிவையுங்கள். பழைய கூரைப் பூச்சு மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும், அதனால் முதல் நாள் அளவை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. அடுத்த வாரம் அந்த இடைவெளி குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் குறைந்திருந்தாலும் இன்ஜினியர் வர வேண்டும். அவர் வரும்வரை மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க், பூந்தொட்டி, இறக்கி வைத்த செங்கல் என்று எது இருந்தாலும் அந்த அறைக்கு மேலிருந்து அகற்றுங்கள்.

*கல் சப்படியாக இருந்தால்*

இங்கே மூன்று வாரக் கணக்கு கிடையாது. ஆர்சிசி தளம் தொங்கும், கோடு விடும், சொல்லிவிட்டுத்தான் போகும். கருங்கல் வளையாது, ஒரே அடியாக முறியும். கல்லிலேயே மயிரிழைக் கோடு தெரிந்தாலும், கல்லின் நுனி சுவரிலிருந்து நழுவியதுபோல் இருந்தாலும், அந்த அறையில் யாரும் படுக்கக் கூடாது.

காக்ஸ் டவுனில் ஒரு வீடு. இரண்டு அறைக்கு நடுவில் இருந்த நாலரை இன்ச் சுவரை வேறு ஆட்கள் கதவு உயரம் வரை இடித்துவிட்டுப் போயிருந்தார்கள். மேல்பாதி மட்டும் லிண்டலை (கதவுக்கு மேலே குறுக்கே போகும் கட்டையை) பிடித்துக்கொண்டு நின்றது. வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். "தம்பி, ராத்திரியெல்லாம் மண்ணு உதிருது. பல்லின்னு நெனச்சேன்," என்றார்கள். நின்று பார்த்தபோது எதுவும் விழவில்லை. சரி, அன்று இரவு அந்த அறையைப் பூட்டிவிட்டு, தரை முழுக்க செய்தித்தாளை விரித்து வைக்கச் சொன்னேன். காலையில் போய்ப் பார்த்தால், தாளின்மேல் மண் இங்கும் அங்கும் சிதறி இல்லை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் ஒரே வரிசையாகக் கிடந்தது, சுண்ணாம்புப் பொடியும் ரெண்டு மூன்று கல் சில்லும் சேர்ந்து. அண்ணாந்து பார்த்தேன். அந்த வரிசைக்கு நேர் மேலே இரண்டு அறையின் கற்களும் நுனிக்கு நுனி சந்திக்கின்றன. ஒவ்வொரு கல்லுக்கும் அந்தச் சுவரில் இருந்த பிடிமானம் இரண்டு இன்ச்தான்.

"சும்மா தடுப்புச் சுவருன்னு சொன்னாங்களேப்பா," என்றார்கள் அந்த அம்மா. "இல்லம்மா, ரெண்டு ரூம்பு கூரையும் இது மேலதான் ஒக்காந்திருக்கு," என்றேன். அன்று மதியத்துக்குள் இரண்டு பக்கமும் ஜாக்கி (உயரத்தைத் திருகி ஏற்றும் இரும்புக் கால்) வைத்து முட்டுக் கொடுத்தோம். இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு, இரண்டு ஓரத்துச் சுவரிலும் பீமின் நுனி உட்காரப் படுக்கைக் கல் வைத்து, குறுக்கே இரும்பு ஐ பீம் ஏற்றச் சொன்னார். பீமுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த சந்தில் சுருங்காத கிரவுட் (சந்தை நிரப்பும் சிமென்ட் கலவை) அடைத்து, அது இறுகிய பிறகுதான் முட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தோம். அறை பெரிதாகத்தான் ஆனது. ஆனால் இடிப்பதற்கு முன் செய்திருந்தால் பாதிச் செலவில் முடிந்திருக்கும்.

உங்கள் வீட்டில் இதே நிலை என்றால் உடனே செய்ய வேண்டியது முட்டு. சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடும் எந்தக் கடையிலும் ஜாக்கி கிடைக்கும். எடுத்த சுவருக்கு இரண்டு பக்கமும், சுவர் கோட்டிலிருந்து இரண்டு அடி தள்ளி, மூன்று மூன்று அடிக்கு ஒரு ஜாக்கி. மேலே கல்லைத் தொடும் இடத்தில் நீளப் பலகை, கீழே தரையிலும் பலகை. ஜாக்கியைக் கல்லைத் தொடும் அளவுக்கு மட்டும் முறுக்குங்கள், தூக்கப் பார்க்காதீர்கள். இதையும் பழகிய மேஸ்திரியை வைத்துத்தான் செய்ய வேண்டும்.

*மெட்ராஸ் டெரஸாக இருந்தால்*

சட்டங்களுக்கு நடுவே சுண்ணாம்புத் தூள் கொட்டுகிறது என்றால், முதலில் மழைநீர் இறங்குகிறதா என்று மாடியைப் பாருங்கள். இடிக்கும்போது ஏற்பட்ட அதிர்வில் மேல்தளத்துத் தட்டோடு பெயர்ந்திருக்கும், அது எளிதான வேலை. அப்புறம் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, சட்டம் சுவருக்குள் நுழையும் இடத்தில் அழுத்துங்கள். தேக்கு நல்லதாக இருந்தால் முனை ஏறாது. அரை இன்ச் இறங்கினால் நுனி உளுத்துவிட்டது. உளுத்த நுனியை நடுச்சுவர்தான் இத்தனை நாள் காப்பாற்றி வந்திருக்கும். பழைய மரவேலை தெரிந்த ஆசாரியும் இன்ஜினியரும் சேர்ந்து பார்க்க வேண்டிய விஷயம் இது.

கோளாறு 2: கதவு, ஜன்னல் சிக்குகிறது

மழைக்காலமா? புதிதாகப் பூசித் தண்ணீர் காட்டிய வீடா? மரம் ஊறியிருக்கும். கதவைச் சாத்தி நான்கு ஓரத்திலும் ஒரு தாளை விட்டுப் பாருங்கள். தாழ்ப்பாள் பக்கம் முழுக்க ஒரே மாதிரி பிடித்தால் ஈரம்தான் காரணம். இரண்டு மூன்று வாரம் விடுங்கள், அவசரப்பட்டு இழைத்துவிட்டால் வெயில் காலத்தில் இடைவெளி விழும்.

மேல் மூலை ஒன்றில் மட்டும் பிடிக்கிறதா? கீலின் திருகாணியை முறுக்கிப் பாருங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் நிலையின் இரண்டு மூலைவிட்டத்தையும் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நிலை கோணவில்லை. ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்து, நிலையின் மேல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசலும் போகிறது என்றால், எடுத்த சுவரின் பாரம் இப்போது இந்த வாசலின் மேல் இறங்குகிறது. கதவை இழைத்துப் பயனில்லை. கோளாறு 1-க்குத் திரும்பிப் போங்கள்.

கோளாறு 3: பழைய சுவரும் புதுச்சுவரும் சேரும் இடத்தில் நேராக மேலிருந்து கீழ் விரிசல்

எனக்கு வரும் போன்களில் இதுதான் அதிகம். பயப்பட வேண்டியது குறைவு, ஆனால் சரியாகச் செய்யாவிட்டால் ஆயுசுக்கும் திரும்பி வரும்.

விரிசலின் அகலம் மேலும் கீழும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று கார்டை வைத்துப் பாருங்கள்.

*ஒன்றுபோல் இருந்தால்* சுவர் சுருங்கியிருக்கிறது, அல்லது இரண்டும் ஒன்றை ஒன்று பிடிக்கவில்லை. சந்தில் ஓர் அடி நீளத்துக்குப் பூச்சை எடுத்துப் பாருங்கள். கோழிவலை இல்லையா? அதுதான் முதல் காரணம். வலை இருந்தும் விரிசல் என்றால் இன்னும் உள்ளே பாருங்கள். பழைய சுவரில் ஒரு வரி விட்டு ஒரு வரி செங்கலை எடுத்துப் பல் விட்டிருக்க வேண்டும், அல்லது இரண்டு அடிக்கு ஒரு கம்பி துளையிட்டு நட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் புதுச்சுவரைப் பழைய பூச்சின்மேல் சும்மா ஒட்டிக் கட்டியிருப்பார்கள்.

இன்னொரு காரணம் பிளாக். சிமென்ட் சாலிட் பிளாக் வார்த்து 28 நாளாவது ஆகியிருக்க வேண்டும். அவசரத்துக்கு நாலு நாள் பிளாக்கை இறக்கிக் கட்டினால், அது சுவரில் நின்றபடி சுருங்கும். வாங்கும்போதே இரண்டு பிளாக்கை மோதிப் பாருங்கள். கணீர் என்று கேட்க வேண்டும், மந்தமாகக் கேட்டால் திருப்பி அனுப்புங்கள்.

சரி செய்ய: பென்சில் சோதனையில் நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகு, சந்தின் இரண்டு பக்கமும் ஆறாறு இன்ச் பூச்சை எடுத்து, விரிசலை 'வி' மாதிரி வெட்டி, தூசி போக நனைத்து, பாலிமர் சேர்த்த கலவையை அடைத்து, வலையை இரண்டு பக்கமும் ஆணியடித்து இழுத்துக் கட்டிப் பூசுங்கள். ஏழு நாள் தண்ணீர் காட்டுங்கள். பல்லும் கம்பியும் இல்லாத சுவர் என்றால் முதலில் கம்பி நட்டுவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

என் பழக்கம் வேறு. பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்து, புதுச்சுவர் சிமென்ட் பிளாக் என்றால் இரண்டும் வெயிலுக்கும் மழைக்கும் ஒரே மாதிரி அசையாது. அங்கே கம்பியைக் கொடுத்துவிட்டு, பூச்சில் மட்டும் அரை இன்ச்சுக்குக் குறைவாக நேராக ஒரு பள்ளக்கோடு விட்டு, பெயின்ட் ஏற்கும் சீலன்ட்டை நிரப்பிவிடுகிறேன். கோடு தெரியும். ஆனால் அது நாம் போட்ட கோடு, சுத்தமாக நிற்கும்.

*மேலே அகலம், கீழே ஒன்றுமில்லை என்றால்* புதுச்சுவரின் மறுமுனை கீழே இறங்குகிறது. கோளாறு 6-ஐப் பாருங்கள்.

*விரிசல் படுக்கையாக, புதுச்சுவரின் தலையும் கூரையும் சேரும் இடத்தில் இருந்தால்* ஒரே மூச்சில் கூரை வரை கட்டி இறுக்கிவிட்டார்கள். ஒரு நாளைக்கு நாலு அடிக்கு மேல் கட்டக் கூடாது. கூரைக்குக் கீழே முக்கால் இன்ச் விட்டு, இரண்டு வாரம் கழித்து அடைக்க வேண்டும். இப்போது அந்தக் கோட்டைச் சுத்தம் செய்து சீலன்ட் அடைத்தால் போதும். மாறாக அந்த இடத்தில் பூச்சு நசுங்கி வெளியே பிதுங்குகிறது என்றால், கூரையின் பாரம் தடுப்புச்சுவரின் மேல் இறங்குகிறது. அதற்கு இன்ஜினியர்.

கோளாறு 4: பூச்சைத் தட்டினால் டொக் டொக் என்று கேட்கிறது, பொருக்காக விழுகிறது

சாவியின் பின்பக்கத்தால் சுவர் முழுக்கத் தட்டி, வெற்றுச் சத்தம் வரும் இடத்தைச் சுற்றிப் பென்சிலால் வரையுங்கள். உள்ளங்கை அளவுதான், விரிசலும் இல்லை என்றால் விட்டுவிடலாம். பெரிதாக இருந்தால் அந்த இடத்தை மட்டும் சதுரமாக வெட்டி எடுத்து உள்ளே பாருங்கள்.

உள்ளே செங்கலின் மேல் தூசி படிந்திருந்தால், நனைக்காமல் பூசியிருக்கிறார்கள். சந்துகள் மழமழவென்று இருந்தால் சுரண்டாமல் பூசியிருக்கிறார்கள். இரண்டும் எளிது. மண்சாந்தில் கட்டிய சுவராக இருந்தால்தான் சிக்கல். அதன்மேல் கனமான சிமென்ட் பூச்சு நிற்காது. பூச்சு இறுகிச் சுருங்கும்போது மண்ணையும் பிடுங்கிக்கொண்டு வரும். சந்துகளை அரை இன்ச் சுரண்டி, வலை அடித்து, சுண்ணாம்பு சேர்த்த மென்மையான கலவையில் இரண்டு தடவையாகப் பூச வேண்டும். சுண்ணாம்புப் பூச்சில் கை பழகிய கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள். ஆனாலும் தேடிப் பிடியுங்கள். கிடைத்தவரை வைத்துச் சிமென்ட்டையே மறுபடியும் அப்பினால் அடுத்த வருடமும் இதே வேலைதான்.

கோளாறு 5: சுவரின் அடியில் ஈரம், வெள்ளையாகப் பூக்கிறது

புதுச்சுவர் காய இரண்டு மூன்று மாதம் எடுக்கும். மழைக்காலத்தில் கட்டியிருந்தால் இன்னும் அதிகம். அந்த வெள்ளையை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், உள்ளே போய்த் திரும்ப வரும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே வந்தால் சுவர் காய்கிறது என்று அர்த்தம்.

குறையவில்லை என்றால் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நீர் கோத்தால் அறையின் ஈரக்காற்று, ஜன்னலைத் திறந்து வையுங்கள். சுவரைத் தொடும் பக்கம் நீர் கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

அப்போது பைப்பைச் சந்தேகப்படுங்கள். இரவில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, மாடி டேங்கில் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் இடிக்கும்போது ஏதோ ஒரு பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் அசைந்து இணைப்பு விட்டிருக்கிறது. பிளம்பர் வேலை. மட்டம் இறங்கவில்லை என்றால் ஈரம் தரையிலிருந்து ஏறுகிறது. சுவருக்கு அடியில் ஈரத்தடுப்புப் படுகை போடாமல் நேரே தரையில் கட்டியிருப்பார்கள். அதற்குத் துளையிட்டு மருந்து ஏற்றும் முறை உண்டு, செலவு கூடுதல். அதனால் கடைசியாக மட்டும் அதற்குப் போங்கள்.

கோளாறு 6: தரை இறங்குகிறது, அல்லது சுவர் இருந்த தடம் எழும்பி நிற்கிறது

*எடுத்த சுவரின் தடம்* பள்ளமாகிறது என்றால், இடித்த குப்பையையே குழியில் தள்ளி மேலே சிமென்ட் பூசியிருக்கிறார்கள். ஆறு இன்ச் தோண்டி, திமிசால் இடித்து இறுக்கி, மூன்று இன்ச் கான்கிரீட் கொடுத்து மேல்தரை போட வேண்டும். தடம் மட்டும் மேடாகத் தெரிந்தால், கீழே பழைய கல் அஸ்திவாரம் அசையாமல் இருக்க, சுற்றியுள்ள தரை இறங்கியிருக்கிறது. அஸ்திவாரத்தின் தலையை நாலு இன்ச் குறைத்துவிட்டுப் போடுங்கள். பழைய ரெட் ஆக்சைடு தரை என்றால் புதுச் சிவப்பு அதோடு ஒருபோதும் சேராது. அந்தத் தடத்தில் ஆத்தங்குடி ஓடோ கடப்பாக் கல்லோ பட்டையாகப் பதித்துவிட்டால் பார்க்கவும் அழகு.

*புதுச்சுவருக்கு அடியில் தரை இறங்கினால்* கணக்கைப் பாருங்கள். பத்தடி உயரத்துக்கு நாலு இன்ச் சாலிட் பிளாக் சுவர், இரண்டு பக்கப் பூச்சோடு, ஓர் அடி நீளத்துக்கு 200 கிலோவைத் தாண்டும். ஏஏசி பிளாக்கில் (காற்றுத் துளைகள் உள்ள லேசான பிளாக்) கட்டினால் அதில் பாதி. ஜிப்சம் போர்டு தடுப்பு 25 கிலோ சுற்றளவில் நிற்கும். வெறும் தரையின்மேல் 200 கிலோவை ஏற்றினால், கீழே நிரப்பிய மண் சரியாக இறுகாத இடத்தில் தரை இறங்கத்தான் செய்யும். பெங்களூரில் ஏரியைத் தூர்த்த நிலம் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத் தெரியாது. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டே ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி. உங்கள் தெருவைப் பற்றி வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

சுவரின் அடியில் தரைமேல் பென்சில் கோடு போட்டு ஒரு மழைக்காலம் பாருங்கள். நின்றுவிட்டால் தரையை மட்டும் சரி செய்யலாம். இறங்கிக்கொண்டே இருந்தால் அந்தச் சுவரை எடுத்துவிட்டுப் போர்டு தடுப்பு போடுவதுதான் மலிவு. மாடி அறையில், அதுவும் சப்படியின்மேல், பிளாக் சுவர் கட்டியிருந்தால் இறங்குகிறதா என்று காத்திருந்து பார்க்காதீர்கள். இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

கோளாறு 7: கரண்ட் பிரச்சினை

எதைத் தொடுவதற்கு முன்னும் மெயினை இறக்குங்கள்.

*ஓர் அறையில் மட்டும் கரண்ட் இல்லை:* எடுத்த சுவருக்குள் ஓடிய ஒயர்தான் அந்த அறைக்கும் போயிருக்கும். பழைய வீடுகளில் ஒரு ஸ்விட்ச் போர்டிலிருந்து அடுத்ததுக்கு இழுத்திருப்பார்கள். வெட்டிய முனைகள் கூரையோரத்தில் டேப் சுற்றி நிற்கின்றனவா என்று பாருங்கள். டேப் சுற்றிப் பூச்சுக்குள் புதைத்திருந்தால் உடனே எடுத்து ஜங்ஷன் பாக்ஸ் போட வேண்டும்.

*எம்சிபி (கரண்ட் கூடினால் தானே அணையும் ஸ்விட்ச்) விழுகிறது:* எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதில் விழுகிறதோ அந்த வழியில்தான் கோளாறு. புதுச்சுவரில் அடித்த ஆணி, போர்டு தடுப்பின் ஸ்க்ரூ, இவை ஒயரில் இறங்கியிருக்கும். ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் அணையும் ஸ்விட்ச்) மட்டும் விழுந்தால், ஈரப் பூச்சு ஸ்விட்ச் பெட்டிக்குள் போயிருக்கலாம். அந்த வழியின் எம்சிபியை இறக்கி வைத்துவிட்டுக் காய விடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் எலெக்ட்ரீஷியன் இன்சுலேஷன் சோதனை செய்ய வேண்டும்.

*சுவரைத் தொட்டால் சுருக்கென்கிறது:* மெயினை இறக்கிவிட்டு, லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் வரும்வரை ஏற்றாதீர்கள். டெஸ்டர் வைத்துக்கூட நீங்கள் பார்க்க வேண்டாம்.

கோளாறு 8: போர்டு தடுப்பு ஆடுகிறது, ஆணி நிற்கவில்லை

கதவைச் சாத்தினால் சுவரே அதிர்கிறதா? கதவு நிலைக்கு இரண்டு பக்கமும் சட்டத்தை இரட்டையாகப் போட்டு, உள்ளே மரம் கொடுத்திருக்க வேண்டும். காந்தத்தைச் சுவரில் நகர்த்துங்கள், ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் பிடிக்கும். சட்டங்கள் இரண்டு அடிக்கு மேல் தள்ளி இருந்தால் ஒரு பக்கப் போர்டைக் கழற்றி நடுவில் சட்டம் சேர்க்க வேண்டும். அப்படிக் கழற்றும்போதே உள்ளே ராக்வுல் (சத்தத்தைத் தடுக்கும் கல் நார்ப் பஞ்சு) நிரப்பிவிட்டால் பக்கத்து அறை டிவி சத்தமும் குறையும்.

காலண்டர், சாமி படத்துக்கு ஜிப்சம் போர்டுக்கான ஆங்கர் போதும். டிவி, கீசர், புத்தக அலமாரி என்றால் உள்ளே ப்ளைவுட் பட்டை இல்லாமல் மாட்டக் கூடாது.

பழைய தடுப்பு சாம்பல் நிறச் சிமென்ட் ஷீட்டாக இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். கிரைண்டர் வைத்து வெட்டவோ சுத்தியால் உடைக்கவோ விடாதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்கி, பாலித்தீனில் சுற்றி வையுங்கள். வேலை செய்பவர்களுக்குத் துணி மாஸ்க் போதாது, என்95-ம் இந்தத் தூசிக்கு நம்ப முடியாது. பி100 ஃபில்டர் போட்ட ரப்பர் மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். ஷீட் நொறுங்கிய நிலையில் இருந்தால் அந்த வேலை தெரிந்த ஆட்களிடம் விட்டுவிடுங்கள். அந்த அறையை மூடிவைத்து, குழந்தைகளை அந்தப் பக்கம் அனுப்பாதீர்கள்.